முந்துறவங்க முந்தட்டும்... நீங்க மூச்சைப் பாருங்க!

ஒரு திங்கட்கிழமை காலை. மருத்துவமனைக் கதவைத் திறந்ததுமே ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

"டாக்டர், நெஞ்சுல வாயு புடிச்சிருச்சு. நல்ல கஷாயமா ஒண்ணு எழுதிக் குடுங்க."

வயது 61. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மகன் வாங்கிக் கொடுத்த கியர் சைக்கிளில் ஞாயிறுதோறும் சேலத்திலிருந்து ஏற்காடு ஏறி, சேர்வராயன் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்குவது அவருடைய வழக்கம். நல்ல பழக்கம்தான்.

"வாயு எப்ப புடிச்சுது?" என்றேன்.

"நேத்து, பதினாலாவது வளைவுல. ஒரு பையன் 'தாத்தா, ஓரமாப் போங்க'ன்னுட்டு சர்ருனு தாண்டிப் போனான். பின்னாலேயே ரெண்டு பொண்ணுங்க. மானம் போச்சு டாக்டர்! நானும் விடாம அழுத்தினேன். நெஞ்சை யாரோ கையால அமுக்கற மாதிரி இருந்துச்சு. கட்டைச் சுவத்துல அஞ்சு நிமிஷம் உக்காந்தேன், சரியாப் போச்சு. சாமி பாக்காம இறங்க மனசில்லே, மெதுவா ஏறிட்டேன்."

நான் கஷாயம் எழுதவில்லை. அந்த நிமிடமே ஆட்டோ பிடித்து இதய மருத்துவரிடம் அனுப்பினேன். இரண்டு ரத்தக் குழாய்களில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்தார். நானும் ஒரு கஷாயத்தை எழுதிக் கொடுத்து, அவரும் அடுத்த ஞாயிறு அந்தப் பையனைத் துரத்தியிருந்தால்? நினைத்தாலே பகீரென்கிறது.

உழைக்கும்போது வந்து, உட்கார்ந்தால் அடங்குகிற நெஞ்சு இறுக்கத்தை வாயு என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். முதலில் இதயத்தைச் சோதியுங்கள். சித்த மருத்துவன் என்பதாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன்.

குணமாகி வந்தவர் கேட்டார்: "சைக்கிளை வித்துடட்டுமா?" அவருக்குச் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரை.

ஏன் முந்துகிறார்கள்?

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 அடி. சேர்வராயன் கோயில் 5,300 அடிக்கும் மேல். நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள். சமதளத்தில் காற்றுதான் பெரிய எதிரி. மலையிலோ நம் எடைதான் எதிரி. வயிற்றைச் சுற்றிப் பத்துக் கிலோ கூடுதலாக இருந்தால், ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு 4,400 அடி ஏறுவதற்குச் சமம்.

அடுத்தது இதயம். 220-லிருந்து வயதைக் கழித்தால் வருவது, இதயம் அதிகபட்சமாக ஒரு நிமிடத்தில் துடிக்கக்கூடிய எண்ணிக்கை. இது தோராயக் கணக்குதான். 25 வயதுக்காரருக்கு 195, 60 வயதுக்காரருக்கு 160. ஒரே ஏற்றத்தில் இருவருக்கும் 150 ஓடுகிறது என்று வையுங்கள். பையன் கையில் இன்னும் 45 பாக்கி. உங்களிடம் பத்துதான்! பி.பி.க்காக நாடித்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது.

தசையிலும் இப்படித்தான். வயதாக ஆக, சட்டென்று வேகம் எடுக்க உதவும் தசை நார்கள்தான் அதிகம் மெலிகின்றன. நிதானமாக நீண்ட நேரம் உழைக்கிற நார்கள் அந்த அளவுக்கு ஏமாற்றுவதில்லை. ஆகவே உங்களால் தூரம் போக முடியும், துரத்தத்தான் முடியாது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அடக்கக் கூடாத பதினாலு

சித்த மருத்துவத்தில் 'பதினான்கு வேகங்கள்' என்று ஒரு பாடம் உண்டு. தும்மல், கொட்டாவி, பசி என உடம்பு தானாக எழுப்பும் உந்துதல்கள் அவை. இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது பாடம். அந்தப் பட்டியலில் நீர்வேட்கை உண்டு, இளைப்பு உண்டு, சுவாசமும் உண்டு.

மலையில் ஒருவரைத் துரத்துகிறவர் இந்த மூன்றையும் ஒரே சமயத்தில் அடக்குகிறார். தாகம் எடுக்கும், பாட்டிலை எடுக்க மாட்டார். இளைக்கும், இறங்க மாட்டார். மூச்சு வாங்கும், அதை மற்றவர் பார்க்கக் கூடாதென்று வாயை இறுக மூடிக்கொள்வார். கல்லூரியில் மனப்பாடமாய் ஒப்பித்த இந்தப் பாடம், அந்த நோயாளி சொன்னதைக் கேட்டபோதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

சைக்கிளை விற்க வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். பிரான்ஸ் நாட்டின் ராபர்ட் மர்ஷான் 2012-ல் நூறாவது வயதில் ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓட்டினார். 2014-ல், 102 வயதில், 26.927 கிலோமீட்டர்! நடுவில் அவர் செய்த பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்கு இலகுவான ஓட்டம், ஒரு பங்குதான் கடினம். 2021-ல் 109 வயதில் காலமானார்.

இங்கிலாந்தில் 55 முதல் 79 வயது வரையுள்ள 125 சைக்கிள் பிரியர்களைப் பரிசோதித்து 2018-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். நோயை எதிர்க்கும் செல்களைப் பக்குவப்படுத்தும் தைமஸ் சுரப்பி வயதானால் சுருங்கிவிடும். இவர்களுக்கோ, அது இளைஞர்களைப் போலவே புதுச் செல்களைத் தந்துகொண்டிருந்ததாகத் தெரிந்தது. இவர்களெல்லாம் பந்தய வீரர்கள் இல்லை, பல வருடங்களாக விடாமல் ஓட்டியவர்கள்.

நம் நாட்டிலும் நடக்கிற 'பிரெவே' என்ற நெடுந்தூர ஓட்டத்தில் 200 கிலோமீட்டருக்குப் பதிமூன்றரை மணி நேரம் தருகிறார்கள். அதற்குள் முடித்தால் போதும். முதல், இரண்டாவது என்ற பரிசே கிடையாது. நம் வயதுக்கு ஏற்ற தர்மம் அதுதான்!

எப்படி ஏறுவது?

* ஐம்பதைத் தாண்டியவர்கள் மலை ஏறத் தொடங்கும் முன் பி.பி., சர்க்கரை, இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

* பேச்சுதான் உங்கள் மீட்டர். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் சரியான வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினால், குறையுங்கள்.

* லேசான கியரில் காலைச் சுழற்றுங்கள். கனமான கியரில் மிதித்து ஏறினால் முழங்காலில் வாதம் குடியேறும்.

* அடிவாரத்தில் வேகம் காட்டாதீர்கள். முதல் ஐந்து வளைவுகளில் மிச்சம் பிடிப்பது கடைசி ஐந்துக்கு உதவும்.

* மேலே குளிர்வதால் தாகம் தெரியாது. கால் மணிக்கொரு தரம் இரண்டு வாய் தண்ணீர் குடியுங்கள். வீடு திரும்பியதும் உப்புப் போட்ட நீர்மோர், சுண்டல் அல்லது முட்டை நல்லது.

* வியர்த்த சட்டையோடு இறங்காதீர்கள், மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும். இறக்கத்தில் பிரேக்கை ஒரேயடியாகப் பிடிக்காமல் விட்டு விட்டுப் பிடியுங்கள். பனிமூட்டத்தில் விளக்கு அவசியம்.

* ஒரு நாள் மலை ஏறினால் அடுத்த நாள் ஓய்வு. எண்ணெய் முழுக்கு அன்றைக்கு வேண்டாம், வேறொரு நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடனே இறங்குங்கள்!

நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், குப்பென்று குளிர்ந்த வியர்வை, தாறுமாறான துடிப்பு... இதில் ஒன்று வந்தாலும் சைக்கிளை ஓரம் கட்டி உட்காருங்கள். ஐந்து நிமிடத்தில் அடங்கினாலும் மேலே ஏற வேண்டாம். வண்டி பிடித்து மருத்துவரிடம் போங்கள். அடங்காவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நம் நண்பர் இதய மருத்துவரின் அனுமதியோடு சில மாதங்கள் சமதளத்தில் ஓட்டிப் பழகினார். இப்போது மகனின் காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு ஏற்காடு ஏரி வரை வருகிறார். அங்கிருந்து கோயில் வரையுள்ள ஆறு கிலோமீட்டர் சொச்சம்தான் அவர் மிதிப்பது.

போன மாதம் நானும் கூடப் போனேன். வழியில் ஏழெட்டுப் பேர் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒரு பெண் திரும்பிப் பார்த்து, "அங்கிள், தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். "வேணாம்மா, இருக்கு. நீ போ கண்ணு" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார் நண்பர். ஒரு முழு வாக்கியம், மூச்சு வாங்கவில்லை!

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண்ணும் குகைக்குள் நுழையக் குனிந்துகொண்டிருந்தாள். சேர்வராயன் சந்நிதிக்குள் யாராயிருந்தாலும் குனிந்துதானே போக வேண்டும்? அவளுக்குப் பின்னால் நாங்களும் குனிந்தோம்.