அரியணையும் குறிப்பேடும்

அரச குலங்களின் வரலாறு பெரும்பாலும் போரையும் மணவுறவையும் பற்றிய வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. ஆள நாடில்லாது போன பின்னரும் ஒரு குலத்தின் பெயர் நிலைக்குமாயின், அதற்குக் காரணம் யாது? இக் கேள்விக்கு விடையாக, ஜேர்மனியின் குறுநில மன்னராயிருந்த வீட் குடும்பத்தாரையே நான் எடுத்துக் காட்டுவேன்.

றைன் நதிக்கரையில் 1653இல் நொய்வீட் என்னும் நகரை நிறுவியவர்கள் இவர்கள். 1662இல் பல சமயத்தாரும் அங்கே அச்சமின்றிக் குடியேற உரிமை அளித்தார்கள். 1806இல் நெப்போலியன் காலத்து மாற்றங்களினால் இவர்களுடைய ஆட்சி பறிபோயிற்று. பட்டமும் மாளிகையும் மட்டுமே எஞ்சின. அதன்பின் இக் குடும்பத்தவருள் மூவர் மூன்று வழிகளிற் புகழ் தேடினர்.

காலத்தாற் பிந்தியவரை முதலிற் சொல்லிவிடுகிறேன். வல்லரசுகள் தேர்ந்தளித்த அல்பேனிய அரியணையில் அமர்வதற்காக, 1914 மார்ச்சில் வில்ஹெல்ம் என்பார் அந்நாட்டின் கரையில் இறங்கினார். உள்நாட்டிற் கிளர்ச்சி, வெளியே உலகப் போர். செப்டெம்பரிற் கப்பலேறிவிட்டார். முடியைத் துறந்ததாக அவர் அறிவிக்கவில்லை. மீண்டும் அந்நாட்டை ஆளவுமில்லை. 1945இல் உருமேனியாவிற் காலமானார்.

அவருடைய அத்தை எலிசபெத் உருமேனியாவின் முதல் அரசி. ஒரே மகளை மூன்று வயதில், 1874இல், பறிகொடுத்த தாய் அவர். பாடல், காடு என்று பொருள்படும் இரு இலத்தீன் சொற்களைச் சேர்த்துக் 'கார்மென் சில்வா' என்னும் புனைபெயரிற் கவிதையும் கதையும் எழுதிக் குவித்தார். அக்காலத்து ஐரோப்பா நன்கறிந்த அப் பெயரை இன்று நினைப்போர் சிலரே.

மூன்றாமவர் மக்சிமிலியன் (1782-1867). எலிசபெத்தின் பாட்டனாருக்குச் சகோதரர். பிரேசிற் காடுகளில் 1815 முதல் 1817 வரை அலைந்த இவர், 1832இல் கார்ல் போட்மர் என்னும் சுவிஸ் ஓவியரை உடனழைத்துக்கொண்டு வட அமெரிக்கா சென்றார். 1833-34 குளிர்காலத்தை மிசூரி ஆற்றங்கரையிலுள்ள கிளார்க் கோட்டையில், மண்டான் என்னும் பழங்குடி மக்களின் அயலிற் கழித்தார். அவர்களுடைய முதியோர் சொன்ன பழங்கதைகளையும், சடங்குகளையும், மொழியின் சொற்களையும் கேட்டுக் குறித்தார். மாட்டோ-தோப்பே என்னும் தலைவர் அடிக்கடி அவரிடம் வந்து போனார். போட்மர் அவரை ஓவியமாகத் தீட்டினார். மாரி முடியுந் தறுவாயில் மக்சிமிலியன் நோயுற்றுச் சாகக் கிடந்தபோது, கோட்டைச் சமையற்காரர் சொன்ன பச்சிலை மருந்தைத் தேடிப் பறித்து வந்தவர்கள் அம் மக்களின் குழந்தைகள்.

1837இல் நீராவிக் கப்பலொன்றோடு பெரியம்மை அவ்வூர்களுக்குள் நுழைந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்த மண்டான் மக்களுள் இருநூறு பேர்கூட மிஞ்சவில்லை. மாட்டோ-தோப்பேயும் மாண்டார். அக் குழந்தைகளுள் எத்தனை பேர் பிழைத்தனரோ!

ஆயினும் அவ்வினம் அழிந்துவிடவில்லை. அதன் வழித்தோன்றல்கள் இன்றும் வட டகோட்டாவில் வாழ்கின்றனர். மொழிதான் நலிந்தது, தாய்மொழியாக அதைச் சரளமாகப் பேசி வந்த இறுதி மனிதர் 2016இல் மறைந்தார். அம்மொழியை மீட்க முயல்வோர் நாடும் பழைய சான்றுகளுள் மக்சிமிலியன் எழுதி வைத்த சொற்களும் உண்டு.

அவரை அம் மக்களின் இரட்சகர் என்று நான் போற்றவரவில்லை. அந்த அறிவு மண்டான் முதியோருடையது. அவர் கேட்டார், எழுதினார், அவ்வளவே. ஆனால் ஆறு மாத அரியணை யாருக்கும் பயன்படாது போக, அந்த ஒரு மாரியின் குறிப்பேடு பிறிதொரு மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்றும் பயன்படுகிறது. வீட் குடும்பத்தின் பெயர் நிலைப்பதற்கு இதைவிடத் தக்க காரணத்தை நான் காணவில்லை.