கயாக் பக்கத்துல மானட்டி வந்தா என்ன செய்யணும்? புளோரிடா காயலில் புதுசா துடுப்புப் போடுறவங்க தெரிஞ்சுக்க வேண்டியவை!

அமெரிக்காவின் புளோரிடா கிழக்குக் கரையோரம் சுமார் 250 கி.மீ. நீளும் காயல்தான் இந்தியன் ரிவர் லகூன். சராசரி ஆழம் 4 அடிதான், அலையும் குறைவு. அதனால் கயாக் கற்றுக்கொள்ள ஏற்ற இடம்.

லைஃப் ஜாக்கெட் கட்டாயம். துடுப்பைக் கையால் மட்டும் இழுத்தால் சீக்கிரமே தோள் வலிக்கும். இடுப்புக்கு மேல் உடம்பைத் திருப்பி இழுக்கணும். போகும்போது காற்றை எதிர்த்துப் போங்க. களைத்துத் திரும்பும்போது அதே காற்று தள்ளிவிடும்.

சரி, பக்கத்தில் மானட்டி தலைகாட்டினால்? நம்ம பாக் விரிகுடா ஆவுளியாவின் உறவுக்கார விலங்கு இது, எடை சுமார் 450 கிலோ. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுவிட மேலே வரும். துடுப்பை நிறுத்திட்டு, அது போகும்வரை காத்திருங்க. துரத்தக்கூடாது, தொடவோ, உணவு, தண்ணீர் கொடுக்கவோ சட்டப்படி தடை.

'பாவம், கொஞ்சம் கீரை போட்டா என்ன?' என்று தோன்றலாம். 2021-ல் புளோரிடாவில் 1,100-க்கும் மேற்பட்ட மானட்டிகள் இறந்தன. நீர் மாசால் காயலின் கடற்புல் அழிந்து, பல பட்டினியால் செத்தன. அந்தக் குளிர்காலத்தில் அதிகாரிகளே லெட்டூஸ் கீரை போட்டார்கள், உண்மைதான். ஆனால் ஆளாளுக்கு ஊட்டினால், படகைக் கண்டாலே அது நெருங்கி வரப் பழகிவிடும். கயாக்குக்கும் மோட்டார் படகுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது. புரொப்பல்லர் முதுகைக் கிழித்துவிடும்.