தேறலும் கள்ளும்: வெப்ப நிலத்து மதுவின் பருவம்

மதுவைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள. கள், நறவு, மட்டு, தேறல் என்பன சங்க நூல்களில் பயின்று வருவன. இவற்றுள் தேறல் என்பது தனித்து நோக்கத்தக்கது. தேறுதல் என்றால் தெளிதல். கசடு அடியிற்படிய, மேலே தெளிந்து நிற்பதே தேறல். தெளிவதற்குப் பொழுது வேண்டும். ஆகவே காத்திருத்தல் என்னும் கருத்து அச்சொல்லினுள்ளேயே பொதிந்துள்ளது. ஒரு மதுவை எத்துணைக் காலம் வைத்திருக்கலாம், எப்பொழுது அருந்தவேண்டும் என்னும் வினாவை மேலைநாட்டுத் திராட்சை மதுவுக்கே உரியதாகக் கருதுவோர் உளர். அது நம் மொழியிலும் பழைய வினாவே.

பைராம் தோட்டம் முதலிய செபராங் பிறைத் தோட்டங்களில் வாழ்ந்தோர் நன்கறிந்த மது தென்னங்கள். அதன் வாழ்நாள் மிகச் சிறிது. பாளையைச் சீவியதும் வடியும் சாறு இனிப்பானது. நூற்றுக்கு ஏறத்தாழப் பதினைந்து பங்கு சர்க்கரை உடையது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவப்பட்டிருந்தால் அது புளிக்காமல் பதநீராக நிற்கும். இல்லையேல் காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் உடனே வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்துக்குள் சாறு நூற்றுக்கு நான்கு பங்கு வெறியம் கொண்ட கள்ளாகிவிடுகிறது. மறுநாளோ புளிப்பு மேலோங்கிக் காடியாக மாறத் தொடங்கும். கள்ளைத் தாங்கி நிறுத்தக்கூடிய வெறியமோ துவர்ப்போ அதனிடம் போதிய அளவு இல்லை. வெப்பமோ எந்நாளும் உண்டு.

இங்கே ஒரு செய்தியைக் கருதவேண்டும். இரப்பர் மரம் சீவுவோரின் வேலை விடியலுக்கு முன்னரே தொடங்கிப் பிற்பகலில் முடிவது. காலையில் இறக்கிய கள் அவர்தம் கைக்கு எட்டும்போது அதன் இளமை கடந்திருக்கும். தொழிலாளி தேர்ந்த பொழுதில் அவன் குடிக்கவில்லை; வேலை விட்ட பொழுதில் குடித்தான். தோட்டக் கள்ளுக்கடையைப் பற்றிய பேச்சில் இது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. அக்கடைகள் குடும்பங்களுக்கு இழைத்த கேட்டைத் தொழிலாளர்களே நன்குணர்ந்திருந்தனர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் முன்வைத்த கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. போருக்குப் பின்னர், அண்டை மாநிலமான கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின்முன் மறியல் செய்தனர்.

சங்ககாலத் தேறல் இக்கள்ளினின்றும் வேறுபட்டது. குறிஞ்சி நிலத்தார் தேனாற் சமைத்த மதுவை மூங்கிற் குழாயில் இட்டு முதிர்வித்தனர் என்பதைத் திருமுருகாற்றுப்படையாலும் மலைபடுகடாத்தாலும் அறிகிறோம். பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் புறநானூற்றுப் பாடல் ஒன்று (120), நிலத்திற் புதைத்து முதிர்வித்த மதுவைக் கூறுகிறது. இம்முறையின் பயன் எளிதில் விளங்கும். மண்ணின் ஆழத்தில் பகல்வெயில் எட்டாது. சூடு ஏறி இறங்காமல் நிற்கும். வாய் மூடிய கலத்தில் காற்றுப் புகாது. காடியை உண்டாக்கும் நுண்ணுயிர்க்குக் காற்று இன்றியமையாதது. நிலவறை என்னும் சொல்லை நாம் இதற்கு ஆளவில்லையே தவிர, செய்தது அதுவே. இவ்வாறு நாட்பட்ட தேறலின் கடுமையை ஔவையார் தேளின் கடுப்போடு ஒப்பிடுகிறார் (புறம் 392). அவர்கள் முதிர்வை நாளால் அளந்தார்கள்.

ஆண்டால் அளப்பது திராட்சை மது. வெப்பமிகு ஆண்டில் திராட்சையில் சர்க்கரை மிகும், புளிப்பு குறையும். சர்க்கரை மிக்கதனால் வெறியமும் மிகும். புளிப்பே மதுவைக் கெடாமற் காப்பவற்றுள் முதன்மையானது. அது குறைந்த மது இளமையில் மென்மையாகவும் கனிச்சுவை நிறைந்தும் இருப்பினும் விரைவில் தளரும். 2003இல் ஐரோப்பாவைக் கடும்வெப்பம் தாக்கியபோது பர்கண்டியில் ஆகஸ்டு நடுப்பகுதியிலேயே அறுவடை தொடங்கியது. அத்தகைய ஆண்டின் வெண்மதுவையும் மெல்லிய செம்மதுவையும் சில ஆண்டுகளுக்குள் அருந்திவிடுவதே தக்கது. தடித்த தோலின் துவர்ப்பு நிரம்பிய செம்மதுவாயின் பொறுத்திருக்கலாம். இதற்குப் புறனடையும் உண்டு. 1947ஆம் ஆண்டின் கோடை போர்தோவில் மிகக் கொடியது. அவ்வாண்டின் ஷெவல் பிளான் மது, நூல்முறைப்படி குறையென்று சொல்லத்தக்க பலவற்றை உடையதாயிருந்தும், பல பத்தாண்டுகள் நிலைத்துப் புகழ்பெற்றது. எனவே ஆண்டின் பெயரை மட்டும் பார்த்து முடிவுகட்டுதல் பிழை. ஒரே ஆண்டின் மது ஒரு பெட்டி உடையவர் இடையிடையே ஒரு புட்டியைத் திறந்து பார்ப்பதே நம்பத்தக்க வழி.

மதுவை வைக்கும் இடமோ ஆண்டினும் வலியது. நிலவறைக்கு ஏற்ற வெப்பம் 12, 13 பாகை செல்சியசு. பினாங்கில் ஆண்டு முழுவதும் சராசரி 27 பாகையை ஒட்டியே நிற்கிறது. பகலில் 31ஐயும் கடக்கும். வெப்பம் பத்துப் பாகை உயர்ந்தால் வேதிமாற்றங்களின் விரைவு ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொதுவிதி. அக்கணக்கின்படி, ஐரோப்பிய நிலவறையில் ஆறு ஆண்டில் முதிர்வது, நம் வீட்டு அலமாரியில் இரண்டு ஆண்டு அளவில் முதிர்ந்துவிடும். அதுவும் செம்மையாக முதிராது, வெந்த பழத்தின் சுவை ஏறும். மதேரா இதற்கு விலக்கு. வெப்பநாடுகளின் வழியே கப்பலிற் சென்று மீண்டபோது அதன் சுவை கூடியதைக் கண்டவர்கள், பிற்காலத்தில் அதனைச் செயற்கையாகவே சூடேற்றி முதிர்விக்கலாயினர். ஏனைய மதுவை, குறிப்பாக வெப்பமிகு ஆண்டின் மதுவை, குளிர்ந்த அறை இல்லாதவர் இங்கே சேர்த்துவைத்தல் வேண்டா. வாங்கிய சில திங்களுக்குள் அருந்துதல் நன்று.