கொல்லைப்புற மூலிகையும் கால்நடை வைத்தியமும்

தறி ஓயும் மாதங்களிலும், மழை பொய்த்து வயல் வெறுமையாய்க் கிடக்கும் பருவத்திலும், நம் அங்கத்தினர் பலருடைய வீட்டில் உலை ஏறுவதற்குக் காரணமாயிருப்பது கொல்லையில் நிற்கும் கறவை மாடே. அம்மாடு நோயுற்றுப் பால் வற்றுமாயின், குழந்தைகளுக்குப் பால் இல்லை. சங்கத்திற்குச் செலுத்த வேண்டிய தவணையும் தவறிவிடுகிறது. ஆகவே கால்நடை வைத்தியம் குடும்பத்தின் வரவு செலவைச் சார்ந்த விஷயமுமாகும்.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். மாட்டு வாகடம் என்னும் பெயரால் அவர்கள் சுவடிகளில் எழுதி வைத்த முறைகள் உண்டு. எழுத்தில் ஏறாமல், வீட்டுப் பெரியவர்களின் கைப்பழக்கமாகவே வந்த முறைகளும் பல. ஊசி மருந்து எளிதிற் கிடைக்கத் தொடங்கிய பின்னர் இவற்றை நாம் பெரும்பாலும் மறந்தோம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி முதலியோர் அம்முறைகளைத் திரட்டி, அளவும் வேளையும் வரையறுத்துத் தந்துள்ளனர். தேசிய பால்வள வாரியமும் அவற்றைப் பால் உற்பத்தியாளரிடையே பரப்பி வருகிறது. அவற்றுள் இரண்டை இங்கே கூறுவோம்.

மடிநோய்

மடி வீங்கிக் கல்லாவதும், பால் திரிதிரியாக வருவதும் இந்நோயின் குறிகள். இதற்குச் சோற்றுக்கற்றாழை மடல் 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். கற்றாழையின் முள்ளை மட்டும் சீவிவிட்டு, மூன்றையும் சேர்த்து அரைத்தால் சிவந்த விழுது கிடைக்கும். மடியிலுள்ள பாலை முற்றும் பீய்ச்சிக் கழுவிய பின்னர், விழுதில் ஒரு கைப்பிடி எடுத்து நீர் விட்டுக் கரைத்து மடி முழுவதும் பூச வேண்டும். நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து முறை, ஐந்து நாட்கள் பூசுதல் அவசியம். விழுதை அன்றன்றே புதிதாக அரைத்துக்கொள்ள வேண்டும்.

நோயை முன்னரே கண்டறிய நெசவாளர் வீட்டில் ஒரு கருவி ஆயத்தமாகவே உள்ளது. கறுப்புத் துணித் துண்டொன்றின் மேல் முதற் பீச்சுப் பாலை விட்டுப் பார்த்தால், நுண்ணிய திரியும் தெளிவாகத் தெரியும். கறந்தவுடன் காம்பின் துளை சிறிது நேரம் திறந்தே இருக்குமாதலால், அப்போது தீவனம் வைத்து, மாடு அரைமணி நேரமாவது படுக்காதபடி பார்த்துக்கொள்வதும் நலம்.

கோமாரி

வாயிலும் குளம்பிலும் புண் கண்டு மாடு தீனி எடுக்காத நிலையில், சீரகம், வெந்தயம், மிளகு ஆகியவற்றை வகைக்கு 10 கிராம் எடுத்து ஊறவைத்து, மஞ்சள்தூள் 10 கிராமும் நான்கு பல் பூண்டும் சேர்த்து அரைத்து, ஒரு தேங்காய்த் துருவலும் 120 கிராம் வெல்லமும் கலந்து, நாக்கிலும் மேல்வாயிலும் சிறிது சிறிதாகத் தடவி ஊட்டுவர். மூங்கில் குழாயில் ஊற்றித் தலையைத் தூக்கிப் புகட்டுதல் ஆகாது. மருந்து நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. குளம்புப் புண்ணைக் கழுவித் துடைத்த பின்னர், குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலைகளைப் பூண்டு மஞ்சளுடன் அரைத்து நல்லெண்ணெயில் காய்ச்சிப் பூசலாம். புழு வைத்திருந்தால் சீத்தா இலை விழுதை முதலில் இடுவது வழக்கம்.

மூலிகையின் எல்லை

இம்முறைகளைப் போற்றும்போதே ஓர் எச்சரிக்கையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். நாம் நன்கறிந்த ஓர் அங்கத்தினர் வீட்டில், சினைப்பசு ஒன்றுக்குக் கடுங்காய்ச்சல் கண்டு தொண்டை வீங்கிற்று. பச்சிலையே போதும் என்று அண்டையில் உள்ளோர் கூற, அதனை நம்பி ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்தன. மறுநாள் மருத்துவர் வருமுன் பசு மாண்டது. தொண்டை அடைப்பான் நோய்க்கு ஒரு நாள் தாமதமும் பொறுக்காது. அவ்வாண்டு அவர் தடுப்பூசி போடவுமில்லை. அக்குடும்பம் கடனிலிருந்து மீள நெடுநாளாயிற்று.

மந்தை மந்தையாக மாடுகளை மாய்த்த வெக்கை நோய் உலகினின்றும் ஒழிந்ததாக 2011-இல் அறிவிக்கப்பட்டது. அது தடுப்பூசியின் வெற்றி. கோமாரிக்கும் ஆண்டுக்கு இருமுறை தடுப்பூசி உண்டு. நோய் வந்தபின் புண்ணை ஆற்றவும் வேதனையைத் தணிக்கவும் மூலிகை உதவும். அது தடுப்பூசிக்கு ஈடாகாது. அடைப்பான், சப்பை நோய் முதலியவற்றின் சந்தேகம் எழுந்தால் உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். திடீரென மாண்ட மாட்டைத் தோலுரித்தலும் அறுத்தலும் கூடா.

மூலிகையால் விளையும் பெருநன்மை வேறொன்றும் உண்டு. மடிநோய்க்கு உயிர்க்கொல்லி மருந்தை ஊசியாகப் போட்டால், மருத்துவர் குறிக்கும் நாட்கள் வரை அப்பாலைச் சங்கத்திற்கு ஊற்றலாகாது. ஒருவர் தம் நட்டத்திற்கு அஞ்சி அதனை ஊற்றினால், மருந்தின் எச்சம் எல்லோருடைய பாலிலும் கலந்துவிடும். நோயின் தொடக்கத்திலேயே கற்றாழை விழுதால் குணமாகுமாயின், அந்நட்டமும் இல்லை; அக்குற்றமும் இல்லை.

ஆதலின், ஒவ்வொரு சங்கமும் தன் கட்டடத்தருகே நான்கு பாத்தி கட்டிக் கற்றாழை, துளசி, மருதாணி ஆகியவற்றை வளர்க்குமாறு வேண்டுகிறோம். குப்பைமேனி கேளாமலே முளைக்கும். அப்பாத்தியின் அருகில் தடுப்பூசி போடும் நாளைக் குறித்த பலகை ஒன்றும் நாட்டப்பெறுமாயின், முன்னோர் அறிவும் இக்கால அறிவும் ஒருங்கே நம் கொட்டிலைக் காக்கும்.