விசையுந்துக் குழுப்பயணத் தலைமை

விசையுந்துக் குழுப்பயணத் தலைமை என்பது, மோட்டார் சைக்கிள் எனப் பரவலாக அழைக்கப்படும் விசையுந்துகளில் பலர் ஒன்றாகப் பயணம் செய்யும்போது அக்குழுவை வழிநடத்துபவர் ஏற்கும் பொறுப்புகளைக் குறிக்கும். வழியைத் தெரிவு செய்தல், வேகத்தைக் கட்டுப்படுத்தல், ஓய்வு இடங்களை முடிவு செய்தல், இடர் நேரத்தில் செயற்படுதல் ஆகியன இதில் அடங்கும். குழுவின் முதல் வண்டியை ஓட்டுபவர் முன்னோடி எனவும், இறுதி வண்டியை ஓட்டுபவர் ஸ்வீப் எனவும் அழைக்கப்படுகின்றனர். பெரும்பாலும் முன்னோடியே தலைவராகவும் இருப்பார்.

பின்னணி

சென்னைக்கும் விசையுந்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1955-இல் திருவொற்றியூரில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனமே பின்னாளில் ராயல் என்ஃபீல்டு என அறியப்பட்டது. கடலோரச் சிற்றூர்களின் சாலைகளை இணைத்து 1998-இல் உருவாக்கப்பட்ட கிழக்குக் கடற்கரைச் சாலை, சென்னைக் குழுக்கள் விரும்பிச் செல்லும் வழிகளுள் ஒன்று. பெருங்குடி, துரைப்பாக்கம் பகுதிகளில் இருந்து புறப்படுவோர் பழைய மகாபலிபுரம் சாலை வழியாகச் சோழிங்கநல்லூர் சென்று, அங்கிருந்து அக்கரையில் இச்சாலையை அடையலாம். மாமல்லபுரமும் புதுச்சேரியும் வழமையான இலக்குகள் ஆகும்.

புறப்படும் முன்

பயணத்தின் பாதுகாப்பில் பெரும்பகுதி வண்டியைக் கிளப்பும் முன்னரே முடிவாகி விடுகிறது. தலைவர் வழியை முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். பழைய மகாபலிபுரம் சாலையில் மெட்ரோ இரயில் இரண்டாம் கட்டப் பணிகளுக்காக, 2021-இல் பெருங்குடி உள்ளிட்ட சுங்கச்சாவடிகளில் கட்டணம் வசூலிப்பது நிறுத்தப்பட்டது. இத்தகைய பணிகளால் தடங்களும் திருப்பங்களும் மாறக்கூடும் என்பதால் பழைய நினைவை மட்டும் நம்புதல் கூடாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நீர் தேங்கும் இடங்களையும், கோடையில் வெயில் ஏறும் முன் ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

புறப்படும் இடத்தில் சில நிமிடங்கள் அனைவரிடமும் பேசுதல் வழக்கம். அப்போது கவனிக்க வேண்டியவை:

* ஓட்டுநர் உரிமம், காப்பீடு, வண்டியின் ஆவணங்கள்
* டயர், பிரேக், விளக்குகள், சங்கிலி ஆகியவற்றின் நிலை
* ஓட்டுபவர், பின்னால் அமர்பவர் இருவருக்கும் தலைக்கவசம் (2021 சூன் 1 முதல் இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 4151 முத்திரை கட்டாயம்)
* எரிபொருள் நிரப்பும் இடங்கள். குழுவில் மிகக் குறைந்த தொலைவு ஓடக்கூடிய வண்டியைக் கொண்டே இவை முடிவு செய்யப்பட வேண்டும்
* முதலுதவிப் பெட்டி யாரிடம் உள்ளது, அவசரத்தில் யாருக்குத் தகவல் கூற வேண்டும் என்னும் விவரம்
* கைச்சைகைகள், வலக்கை விசைப்பிடியில் இருப்பதால் இவை இடக்கையால் காட்டப்படுகின்றன

களைத்திருப்பவரையோ மது அருந்தியவரையோ திருப்பி அனுப்புவது தலைவரின் கடமை. நண்பரிடம் இவ்வாறு கூறுவது கடினம். எனினும் பிறர் உயிரும் இதில் அடங்கியிருப்பதால் இங்கு தயக்கத்துக்கு இடமில்லை.

அணிவகுப்பு

அமெரிக்காவின் மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு அறக்கட்டளை ஒரு குழுவில் ஐந்து முதல் ஏழு பேர் வரை இருப்பதைப் பரிந்துரைக்கிறது. பலர் வந்தால் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி முன்னோடியையும் ஸ்வீப்பையும் அமர்த்துவது நன்று.

நேரான சாலையில் வண்டிகள் ஒரே தடத்துக்குள் வலம், இடம் என மாறி மாறிச் செல்லும் அமைப்பு பின்பற்றப்படுகிறது. அடுத்த பக்கத்தில் உள்ள வண்டிக்கும் தமக்கும் ஒரு வினாடி, நேர் முன்னால் உள்ள வண்டிக்கும் தமக்கும் இரண்டு வினாடி இடைவெளி தேவை. அமெரிக்க வழிகாட்டிகள் முன்னோடியைத் தடத்தின் இடப்பக்கம் செல்லுமாறு கூறுகின்றன. அது வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கு உரியது. இடப்பக்கம் ஓட்டும் இந்தியாவில் முன்னோடி தடத்தின் வலப்பக்கம் செல்ல வேண்டும். வளைவுகள், குறுகிய பாலங்கள், மோசமான சாலைப் பரப்பு ஆகியவற்றில் இவ்வமைப்பைக் கைவிட்டு ஒருவர் பின் ஒருவராகச் செல்லுதல் வேண்டும்.

புதியவர்களைக் கடைசியில் விடாமல், முன்னோடிக்கு அடுத்த இடங்களில் நிறுத்துவது நல்லது. இதன் காரணம் கீழே விளக்கப்படுகிறது.

வேகமும் இடைவெளியும்

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் பத்து பேர் கொண்ட குழு ஒன்றின் முன்னோடி, ஊரைக் கடந்ததும் 60 கி.மீ. வேகத்துக்கு மாறுகிறார் எனக் கொள்வோம். ஒவ்வொருவரும் முன்னவரைக் கண்டு இரண்டு வினாடி தாமதித்து வேகம் கூட்டினால், பத்தாமவர் 18 வினாடி கழித்தே வேகம் பெறுவார். அதற்குள் குழுவின் நீளம் 100 மீட்டர் கூடிவிடும். இதில் 50 மீட்டர், கூடுதல் வேகத்துக்குத் தேவையான இயல்பான இடைவெளி. எஞ்சிய 50 மீட்டரைக் குறைக்க, பத்தாமவர் 70 கி.மீ. வேகத்தில் 18 வினாடி ஓட்ட வேண்டியிருக்கும். வேகமாறுதல் ஒவ்வொன்றிலும் இது மீண்டும் நிகழும்.

ஆகவே முன்னோடிக்கு மிதமாகத் தோன்றும் வேகம் கடைசியில் வருபவருக்கு ஆபத்தானதாக அமையலாம். வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுவதும், குழுவில் அனுபவம் குறைந்தவருக்கு ஏற்ற வேகத்தில் செல்வதும் இதனால் அவசியமாகின்றன. சரக்குந்தை முந்தும்போது ஒவ்வொருவரும் எதிர்வரும் வண்டிகளைத் தாமே பார்த்து முடிவு செய்ய வேண்டும். முன்னவர் முந்திவிட்டார் என்பது பின்னவருக்கு அனுமதி ஆகாது. முந்திய முன்னோடி உடனே வேகம் குறைக்காமல், பின் வருவோர் தடத்துக்குத் திரும்ப இடம் விட வேண்டும்.

சந்திப்புகள்

சிவப்பு விளக்கில் குழு பிரிந்துவிட்டால் பிரிந்தே செல்ல வேண்டும். குழுவினர் கடப்பதற்காகப் பிற போக்குவரத்தை மறிக்கும் உரிமை தலைவருக்கு இல்லை. அடுத்துக் கூடும் இடத்தை முன்பே அறிவித்திருந்தால் பிரிந்தவர்கள் விரைந்து துரத்த வேண்டியதில்லை. திருப்பங்களில் இரண்டாவதாக வருபவர் பாதுகாப்பான ஓரத்தில் நின்று, ஸ்வீப் வரும் வரை வழிகாட்டும் முறையும் உண்டு. இம்முறையில் எவரும் முன்னவரைக் கண்ணால் தொடரத் தேவையில்லை.

விபத்து நேரிடின்

அனைவரும் விபத்து நடந்த இடத்தில் குவிவது இரண்டாவது விபத்துக்கு வழிவகுக்கும். ஸ்வீப்பும் முதலுதவி அறிந்த ஒருவரும் காயமுற்றவரிடம் செல்ல, ஒருவர் பின்வரும் வண்டிகளை எச்சரிக்க, ஒருவர் 108 எண்ணை அழைக்க, ஏனையோர் சாலையை விட்டு விலகி நிற்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2021 திசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48 திட்டத்தின் கீழ், விபத்துக்குள்ளானவர்களுக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது.

சட்ட நிலை

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் குழுத் தலைவர் என ஒரு பொறுப்பை வரையறுக்கவில்லை. ஒவ்வொரு ஓட்டுநரும் தம் செயலுக்குத் தாமே பொறுப்பாவார். பிரிவு 129 தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. பிரிவு 134 விபத்தில் காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதை ஓட்டுநரின் கடமையாக்குகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு 134அ, நல்லெண்ணத்துடன் உதவுவோருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. அனுமதியின்றிப் பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுதல் பிரிவு 189-இன் கீழ் குற்றமாகும். வேகத்தை விரும்புவோருக்குச் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் உள்ளது.

சட்டம் வரையறுக்காவிடினும், வேகத்தையும் வழியையும் முன்னோடியே தீர்மானிப்பதால் அவரை நம்பிப் பின்தொடர்வோரின் பாதுகாப்பு பெருமளவு அவர் கையிலேயே உள்ளது. கடைசி வண்டியும் வந்து சேர்ந்ததை உறுதி செய்த பின்னரே தலைவரின் பணி முடிவடைகிறது.

இவற்றையும் பார்க்கவும்

* கிழக்குக் கடற்கரைச் சாலை
* சாலைப் பாதுகாப்பு
* தலைக்கவசம்
* முதலுதவி