ஓடையில் கொடி காட்டும் தவளை

தலைநகரில் வளரும் நம் பிள்ளைகள் யமுனையை அறிவர். குழாய்த் தண்ணீரையும் அறிவர். பாறைக்குப் பாறை தாவி இறங்கும் மலை ஓடையைப் பாடப்புத்தகத்திலன்றிக் காணாதார் பலர். அத்தகைய ஓடையிலே வாழ்வதும், இத்தில்லியிலுள்ள பல்கலைக்கழகத்தாரால் ஆராயப்பட்டதுமான ஒரு சிறு பிராணியைப் பற்றி ஈண்டுச் சில சொல்ல விரும்புகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையிலன்றி உலகில் வேறெங்கும் காணப்படாத தவளை இனம் ஒன்றுண்டு. உயிர்நூலார் அதனை மிக்ரிக்ஸாலஸ் என்பர். ஆடும் தவளை என்பது வழக்குப் பெயர். நீளம் ஏறக்குறைய ஓர் அங்குலம். நிறமோ நனைந்த பாறையின் நிறம், அன்றேல் உதிர்ந்த சருகின் நிறம். அருகே நின்றாலும் கண்ணுக்குப் புலப்படாது, ஆடினால்தான் தெரியும்.

அது ஏன் ஆடுகிறது? குரலெழுப்பித் துணையை அழைப்பது தவளைகளின் இயல்பு. ஓடையின் இரைச்சலிலோ அச்சிறு குரல் அமிழ்ந்துபோம். ஆதலின் ஆண் தவளை நீர் நடுவே பாறைமேல் அமர்ந்து, குரல் கொடுத்தபின் பின்னங்காலைத் தூக்கி நீட்டி, விரலிடைச் சவ்வை விசிறிபோல் விரித்துக் காட்டுகிறது. போட்டிக்கு வரும் ஆண்களை விலக்குவதும் இச்சைகையாலேயே. இரயில்வேயில் காலந்தள்ளும் எனக்கு இது விந்தையாகப் படவில்லை. இரைச்சலில் ஊதலை மட்டும் நம்பவியலாதென்றுதானே கார்டின் கையில் பச்சைக் கொடியையும் கொடுத்திருக்கிறார்கள்!

இவற்றை வகை பிரித்தறிவதுதான் பெருந்தொல்லை. மதராஸ் படையில் மருத்துவராயிருந்த ஜெர்டன் துரை நீலகிரித் தவளையொன்றை 1853-இல் விவரித்தார். அதன்பின் நூற்றறுபது ஆண்டுகள் கழிந்தும், அறியப்பட்ட வகைகள் பத்தளவே. ஒரே வகைக்குள் பல நிறம். பல வகைக்கு ஒரே தோற்றம். கண்ணை நம்பினால் ஏமாற்றமே. தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். டி. பிஜுவும் அவர்தம் குழுவினரும் 12 ஆண்டுகள் ஓடை ஓடையாய்த் திரிந்து, உடலமைப்பு, சவ்வின் அளவு, தொடையின் நிறம் ஆகியவற்றோடு மரபணுவையும் ஒப்பிட்டு, 2014-இல் 14 புதிய வகைகளை உலகுக்கு அறிவித்தனர். மொத்தம் 24 ஆயிற்று. நெல்லியாம்பதியின் பெயரால் ஒன்று. அமைதிப் பள்ளத்தாக்கிலுள்ள சைரந்திரியின் பெயரால் ஒன்று. ஊர்ப்பெயரிட்டது பொருத்தமே. ஏனெனில் இத்தவளையை ஓடையினின்று பிரித்துப் பார்த்தல் இயலாது.

மேலே மரநிழல், கீழே கல்லும் மணலும், இடையே தெளிந்த ஓட்டம்: இவை மூன்றும் வேண்டும். மழை ஓய்ந்து வெள்ளம் தணிந்தபின், பெண் தவளை பின்னங்கால்களால் ஓடைப் படுகையைக் கிளறி முட்டைகளைப் புதைக்கிறது. குஞ்சுகளோ அதனினும் வியப்பு! ஒருவகையின் தலைப்பிரட்டைகள் விலாங்குபோல் நீண்ட உடலும், தோல் மூடிய கண்களும் உடையனவாய், ஓடை மணலுக்குள்ளேயே மறைந்து வாழ்வது 2016-இல்தான் தெரியவந்தது. எனவே மரத்தை வெட்டினாலும், மணலை வாரினாலும், நீரைத் தோட்டத்திற்குத் திருப்பினாலும், கண்ணிற்படாமலே ஒரு தலைமுறை அழியும். புதியனவாய் அறியப்பட்ட 14 வகைகளிற் பாதி, சீர்கெட்ட இடங்களிலேயே காணப்பட்டனவாம். பெயர் சூட்டும்போதே இந்நிலை!

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் பலர். மழை ஓய்ந்த மாதங்களில் செல்வோர், நீலகிரிச் சரிவுக்கோ ஆனைமலைப் பக்கமோ போக நேர்ந்தால், நிழலோடைக் கரையில் பிள்ளைகளைக் கால்மணி நேரம் பேசாதிருக்கச் செய்யுங்கள். ஈரப்பாறையில் சிறுகால் ஒன்று நீண்டு மடங்கினால் அதுவே. பிடிக்க வேண்டா, நீரில் இறங்கிப் படுகையை மிதிக்கவும் வேண்டா. முட்டை அங்கேதான் இருக்கும்.