பதினொரு ரூபாய் பென்ஷனும் ஒரு ஜூலை தேதியும்

நவம்பர் வந்தால் உயிர்ச்சான்று பற்றித்தான் கடிதங்கள் குவியும். இம்முறை மும்பையின் செம்பூர், தாராவி, சுனாபட்டிப் பக்கத்து வாசகர்கள் கேட்பது வேறு: "பத்து வருஷம் கப்பலில் இருந்தவருக்குப் பென்ஷன் இல்லை, அவருக்கு முன்னால் சேர்ந்தவர் மட்டும் வாங்குகிறாரே, எப்படி?"

இருவருக்கும் நடுவே நிற்பது 1976 ஜூலை 3.

கடற்படை மாலுமியின் பென்ஷனுக்கு 15 ஆண்டு சேவை வேண்டும். அன்றைய முதல் ஒப்பந்தமோ 10 ஆண்டு. இந்த இடைவெளிக்குக் கண்டுபிடித்த சாமர்த்தியமான ஏற்பாடுதான் 'ஃப்ளீட் ரிசர்வ்'. வீடு திரும்பிய மாலுமியின் பெயர் இன்னும் 10 ஆண்டு பதிவேட்டில் இருக்கும், தேவைப்பட்டால் அழைப்பார்கள். இரண்டையும் முடித்தவருக்கு 1964 விதிப்படி மாதம் 11 ரூபாய் ரிசர்விஸ்ட் பென்ஷன், அல்லது மொத்தமாக 900 ரூபாய். அற்பத் தொகைதான். ஆனால் பின்னாளில் பென்ஷன்கள் உயர்ந்தபோது இதுவும் சேர்ந்து உயர்ந்தது.

1976 ஜூலை 3 அன்று ரிசர்வை நிறுத்தினார்கள். புதிதாகச் சேர்பவருக்கு ஒப்பந்தம் 15 ஆண்டானது. பாதிவழியில் இருந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். பத்தை முடித்து வெளியே வந்தால் சேர ரிசர்வே இல்லை.

ரிசர்வில் சேர்ப்பது தங்கள் விருப்பம், மாலுமியின் உரிமையல்ல என்றது அரசு. தானே மூடிய கதவைக் காட்டி 'நீ உள்ளே வரவில்லையே' என்பது போன்ற வாதம். டி.எஸ்.தாஸ் வழக்கில் 2016 அக்டோபர் 27 அன்று உச்ச நீதிமன்றமும் ரிசர்விஸ்ட் பென்ஷனை மறுத்தது. ஆனால் 1976 ஜூலை 3க்கு முன் சேர்ந்து, அதன்பின் ஒப்பந்தம் முடிந்து, தாமாக விடுவிப்புக் கேட்காதவர்களுக்குச் சிறப்புப் பென்ஷன் பெற வழிவிட்டது.

கேட்கவில்லை என்பதற்கு ஆதாரம்? சேவைக் கோப்பு இருப்பது கடற்படையின் மாலுமிகள் பதிவகத்தில். சுனாபட்டியில் ஹார்பர் லைன் வண்டி ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் மான்கூர்டு. அங்கே சீட்டா கேம்ப் பக்கம் இருக்கிறது பதிவகம்.

மற்ற கேள்விகள்:

15 ஆண்டுக்குச் சில மாதம் குறைந்தால்? ஓராண்டு வரை மன்னிக்க இடமுண்டு, விண்ணப்பிக்க வேண்டும்.

9, 20, 30 ஆண்டுப் பதக்கங்கள்? பென்ஷன் ஒரு பைசாகூட உயராது. 8, 16, 24 ஆண்டில் வரும் ஊதிய உயர்வுதான் கணக்கில் ஏறும். கடைசி ஊதியத்தில் பாதிதானே பென்ஷன்.

அக்னிவீர்? நான்கு ஆண்டு, சுமார் 11.71 லட்சம் சேவா நிதி, பென்ஷன் கிடையாது.

உயிர்ச்சான்று? கைப்பேசியில் முகம் காட்டி 'ஜீவன் பிரமாண்' எடுத்தால் போதும்.